4 லிட்டில் கேர்ள்ஸ்: ஒரு ஸ்டுடியோக்காரி பார்த்தது

அந்த அப்பாவும் போட்டோக்காரர்தான் என்று வாத்தியார் சொன்னதும் படத்தை நிறுத்திவிட்டேன். வெள்ளைத் துணியில், குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த கிறிஸ் மெக்நேரின் முகம் அப்படியே நின்றது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களுக்குப் பின்னால் தொங்கவிடுகிற துணி அது. தாராபுரத்தில் எங்கள் அப்பா 1974-இல் ஆரம்பித்த ஸ்டுடியோவில் இன்றைக்கும் அதே ஆணிகளில்தான் தொங்குகிறது. துணிதான் நாலைந்து மாறியிருக்கிறது.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கேமராவையும் லென்ஸையும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டால் பொழுது சாய்ந்த பிறகு சோலி இல்லை. எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், கோயமுத்தூரில் மகன் வீட்டிலிருந்து ஒரு டிஸ்க் கொண்டுவந்தார். "நீ இந்தத் தொழில்ல இருக்கறவ சாமி. பாத்துப்போட்டு எப்படி எடுத்திருக்கறாங்கன்னு எனக்குச் சொல்லோணும்" என்றார். கல்யாண மண்டபத்துக்கு எடுத்துப்போகிற புரொஜெக்டரை மாட்டினோம். பார்த்தது ஐந்து பேர்: வாத்தியார், நான், எடிட்டிங் பையன், டிரோன் ஓட்டுகிற பையன், பக்கத்துத் தையல் கடை அக்கா. அந்த டிஸ்க்கில் கீழே தமிழ் எழுத்து வரவில்லை. வாத்தியார் நிறுத்தி நிறுத்திச் சொன்னதில் 102 நிமிடப் படம் எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஓடியது. அதற்கப்புறம் நான் மட்டும் தனியாக இரண்டு தடவை பார்த்தேன். மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஸ்பைக் லீ 1997-இல் எடுத்த ஆவணப்படம் இது. ஊர், அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை 10:22-க்கு 16-ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் டைனமைட் வெடித்தது. வைத்தவர்கள் கூ க்ளக்ஸ் கிளான் என்கிற வெள்ளை இனவெறிக் கூட்டத்து ஆட்கள். அன்றைக்குத் தேவாலயத்தில் இளையோர் ஞாயிறு. கீழ்த்தளத்தில் பெண்கள் அறையில் உடுப்பைச் சரிசெய்துகொண்டிருந்த நாலு பிள்ளைகள் செத்துப்போனார்கள். அடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன் மூன்று பேருக்கும் 14 வயது. டெனிஸ் மெக்நேருக்கு 11. அடியின் தங்கை சாராவும் அதே அறையில்தான் இருந்தாள். உயிர் பிழைத்தாள், ஒரு கண் போய்விட்டது.

வெடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் டெனிஸின் உடுப்பு நாடாவை அடி கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள் என்று பின்னாளில் சாரா சொல்லியிருக்கிறாள். வாத்தியார் அதைச் சொன்னபோது தையல் கடை அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நோம்பிக்கு எடுத்த துணியாட்டப் போட்டுட்டுப் போயிருக்கும் புள்ளைக" என்றார். அப்புறம் கடைசிவரைக்கும் அவர் பேசவில்லை.

படத்தில் என்னைப் பிடித்து உலுக்கிய இடத்தில் குண்டும் இல்லை, ரத்தமும் இல்லை. அது ஒரு வெங்காய வாசம். டெனிஸை ஊருக்குள் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனதை அவள் அப்பா கிறிஸ் மெக்நேர் சொல்கிறார். கடைக்குள்ளேயே சாப்பிடுகிற இடம் இருக்கிறது. வெங்காயம் வதங்குகிற வாசம் வருகிறது. பிள்ளை சாண்ட்விச் கேட்கிறாள். கறுப்பர்களுக்கு அங்கே உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லை. வாங்கித் தர முடியாது என்பதையும், ஏன் முடியாது என்பதையும் ஒரு அப்பா தன் பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லவேண்டி வருகிறது. பிள்ளையைப் பிணமாகப் பார்த்ததற்குக் கிட்டத்தட்டச் சமமான வேதனையாக அந்த ராத்திரியைச் சொல்கிறார் அவர். சொல்லும்போது அழவில்லை. வெங்காயம் என்கிற வார்த்தையை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்ன மாதிரி எனக்குப் பட்டது.

அங்கேதான் வாத்தியார், இவர் பர்மிங்ஹாமில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் என்றார். நான் நிறுத்தினேன்.

ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி என்னால் எழுத முடியாது. எங்கள் ஸ்டுடியோவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதற்குக் கீழே ஒரு பலகை. பலகை மேலே பவுடர் டப்பா, பொட்டு, ஒரு சீப்பு. படம் எடுக்க வருகிறவர்கள் முகம் துடைத்துத் தலை சீவிக்கொள்வதற்கு. பலகைக்கு அடியில் ஆணியில் நூல் கட்டி இன்னொரு சீப்பு தொங்கும். காலனியிலிருந்து வருகிறவர்கள் அந்த நூல் சீப்பைத்தான் எடுப்பார்கள். அப்பா வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. டீக்கடையில் இரட்டை டம்ளர் வைத்ததை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இரட்டைச் சீப்பை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அது எங்கள் கடையில் இருந்தது.

எனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். என் வயசுப் பிள்ளை ஒருத்தி அம்மாவோடு வந்தாள். கண்ணாடியைப் பார்த்ததும் ஆசையாகப் பலகை மேலே இருந்த சீப்பை எடுத்துவிட்டாள். அந்த அம்மா வெடுக்கென்று பிடுங்கி, முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "அது நம்முளுது இல்ல கண்ணு" என்றார். அவ்வளவுதான். அப்பா ஒன்றும் நடக்காத மாதிரி விளக்கைப் போட்டு, "இப்படிப் பாரு கண்ணு, சிரி" என்றார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த அம்மாவுக்கும் ஒரு வெங்காய ராத்திரி இருந்திருக்கும். வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னாரோ. நாற்பது வருஷத்துக்கு அப்புறம், ஏழு கடல் தாண்டி இருக்கிற ஒரு போட்டோக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு அது திரும்பி வந்தது.

இனி எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

படத்தில் கதை சொல்கிற குரல் கிடையாது. 'அந்த இருண்ட நாளில்' என்று ஆரம்பிக்கிற கட்டைக்குரல் எங்கேயும் வராது. பேசுகிறவர்கள் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், தோழிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், போராட்டத்தில் நின்றவர்கள். ஒளிப்பதிவு செய்த எல்லன் குராஸ் முகத்துக்கு வெகு பக்கத்தில் கேமராவை வைக்கிறார். நெற்றியும் தாடையும் ஃபிரேமுக்கு வெளியே போகிற அளவுக்கு. கல்யாண வீடியோவில் இப்படி ஒரு ஷாட் வைத்தால் பெண் வீட்டார் சும்மா விடமாட்டார்கள். இங்கே அது வேண்டியிருக்கிறது. ஒரு பெயரைச் சொல்வதற்கு முன்னால் கண் இமை இரண்டு தடவை அடித்துக்கொள்வது அந்தத் தூரத்தில்தான் தெரியும்.

சாம் பொல்லார்டின் படத்தொகுப்பைத்தான் எங்கள் பையன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். ஆர்தர் ஹேன்ஸ் ஜூனியர் என்று ஒரு வக்கீல் வருகிறார். இந்தக் குண்டுவெடிப்புக்காக 1977-இல் நடந்த வழக்கில் குற்றவாளிக்காக வாதாடியவர். அந்தக் காலத்து பர்மிங்ஹாம் குடும்பத்தோடு வாழ அருமையான ஊர் என்கிற மாதிரிப் பேசுகிறார். அவர் பேச்சோடு பேச்சாக அதே ஊரின் பழைய காட்சிகள் வந்து விழுகின்றன. வெள்ளை அங்கியும் முகமூடியுமாக ஒரு கூட்டம். 'நீ சொல்வது பொய்' என்று யாரும் சொல்லவில்லை. "அக்கா, குரலே குடுக்காம பதில் சொல்லிட்டாங்க பாருங்க" என்றான் பையன். அந்த ஊரில் கறுப்பர்கள் வீட்டிலும் தேவாலயத்திலும் வெடித்த குண்டுகளுக்குக் கணக்கே இல்லாமல், ஊருக்கே 'பாம்பிங்ஹாம்' என்று பட்டப்பெயர் வந்திருந்தது. அதை ஒரு தகவலாக வாசித்துவிட்டுப் போகாமல் வக்கீலின் சிரித்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த மே மாதக் காட்சிகளும் இருக்கின்றன. 1963 மே தொடக்கத்தில் பள்ளிப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வருகிறார்கள். காவல்துறையையும் தீயணைப்பையும் கையில் வைத்திருந்த புல் கானர் என்கிற அதிகாரி அவர்கள் மேல் நாயை ஏவுகிறார், தீயணைப்புக் குழாயைத் திறக்கிறார். தண்ணீர் பட்டுப் பிள்ளைகள் தெருவில் உருளுகிறார்கள். அன்றைக்கு அங்கே நின்று அதை எடுத்த கேமராக்காரர்கள் இல்லையென்றால் இந்தப் படத்துக்குப் பாதி உயிர் இருந்திருக்காது. டிரோன் பையன், "அந்தத் தண்ணிக்குள்ள நின்னு எப்படிங்க ஃபோகஸ் வெச்சாங்க" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து ஃபிலிம் கேமராவின் கனம் மட்டும் தெரியும்.

ஜார்ஜ் வாலஸ் வருகிற இடத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை. 1963-இல் அலபாமாவின் ஆளுநர் அவர். இனப்பிரிவினை என்றைக்கும் இருக்கும் என்று பதவியேற்றபோதே முழங்கியவர். படத்தில் வயதாகி, நோயில் விழுந்து, என்ன பேசுகிறார் என்றே புரியாத நிலையில் இருக்கிறார். தனக்கு உதவியாக இருக்கிற கறுப்பினத்தவரை அருகில் கூப்பிட்டு, இவர்தான் என் உயிர் நண்பர் என்று காட்டுகிறார். அந்த மனிதர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறார். வயசாளியை இப்படிக் காட்டியிருக்க வேண்டாம் என்றார் வாத்தியார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டப்படுவது வாலஸின் முதுமை இல்லை, அந்த நண்பரின் முகம். நோம்பிக்குப் படம் எடுக்கப் போகிற தோட்டங்களில் பண்ணையத்து ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, "இவன் எங்கூட்டுப் புள்ளையாட்ட" என்று சொல்லிப் படம் எடுக்கச் சொல்வார்கள். அந்த ஆட்களின் முகம் லென்ஸ் வழியே எனக்கு நன்றாகத் தெரியும். அதே முகம்.

அடுத்து சொல்லப்போவது, படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு முக்கியம். பிள்ளைகளின் பிணப் பரிசோதனைப் படங்கள் சில நொடி வருகின்றன. சொல்லிவிட்டு வருவதில்லை. சட்டென்று வந்து சட்டென்று போய்விடும்.

இந்த வகைப் படம் எனக்குப் புதிதில்லை. எங்கள் பக்கம் சந்தேக மரணம் என்றால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஸ்டுடியோவுக்குத்தான் ஆள் வரும். அப்பாவுக்கு முட்டிவலி வந்த பிறகு நான் போவேன். கிணற்றில் விழுந்தது, தூக்கு மாட்டியது, பஸ் அடித்தது. அந்தப் படங்களுக்கு ஒரு பார்வை உண்டு. நேர் மேலேயிருந்து ஃபிளாஷ், நிழல் கூடாது, காயம் தெளிவாக விழவேண்டும். அந்த உடம்பு யாருடையது என்று அந்தப் படத்தில் தெரியவே தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே எடுக்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் முதல் தடவை எனக்குக் கோபம் வந்தது. அம்மா அப்பா உயிரோடு இருக்கிறபோது இதை ஏன் வைத்தார் என்று.

மூன்றாவது தடவை பார்க்கும்போது, அதற்கு முன்னால் என்ன என்ன வந்திருக்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். வீட்டுப் படங்கள். பிறந்தநாள், பள்ளிக்கூடம், சீருடை. டெனிஸ் ஒரு பொம்மையைக் கட்டிக்கொண்டிருக்கிற படம். அவள் நிற்கிற நிலையைப் பார்த்தால், எதிரே கேமராவைப் பிடித்திருப்பது வீட்டு ஆள்தான் என்று தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். படத்தின் பெரும்பகுதி இந்த ஆல்பம்தான். யாருக்குப் பாட்டுப் பிடிக்கும், யாருக்குப் பந்து விளையாடப் பிடிக்கும், யார் வாயாடி என்று பேசிப் பேசி, நாலு பிள்ளைகளும் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் ஆன பிறகுதான் அந்தப் போலீஸ் படம் வருகிறது, ஒரு கண்சிமிட்டல் நேரம். நான் எடுத்த படங்களுக்கெல்லாம் இந்த முன்பகுதி இருந்ததே இல்லை. வைத்தது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன். இன்னும் ஒரு நொடி கூடுதலாக வைத்திருந்தாலும் தப்பு என்றும் நினைக்கிறேன்.

2016 மார்ச்சில் உடுமலை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்த இளம் தம்பதியை வெட்டினார்கள். பையன் இறந்துபோனான். கண்காணிப்பு கேமராவில் பதிந்த காட்சி அன்றைக்குச் சாயங்காலமே எல்லார் செல்போனுக்கும் வந்துவிட்டது. தாராபுரத்துக்கும் உடுமலைக்கும் எவ்வளவு தூரம்? எங்கள் ஸ்டுடியோவிலும் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவன் சிரித்த படம் ஒன்று, பள்ளிக்கூடத்துப் படம் ஒன்று, அவன் அம்மா அவனைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை, எதுவும் அன்றைக்கு யாரும் எனக்கு அனுப்பவில்லை, நானும் தேடவில்லை. வெட்டு விழுகிற காட்சி மட்டும் வந்தது. ஸ்பைக் லீ செய்ததற்கு நேர் எதிர் அது.

இந்த ஆல்பம் அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. திரைப்படக் கல்லூரி மாணவராக இருந்தபோதே கிறிஸ் மெக்நேருக்குக் கடிதம் எழுதி, படம் எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார். மெக்நேர் மறுத்துவிட்டார். பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் அந்தக் கதவு திறந்தது. முதலில் நினைத்தது நடிகர்களை வைத்து ஒரு கதைப்படம். அது அப்போதே எடுக்கப்பட்டிருந்தால் வேறு யாரோ ஒரு பிள்ளை டெனிஸாக நடித்திருப்பாள். மறுத்த அந்த அப்பாவுக்கும் இந்தப் படத்தில் ஒரு பங்கு இருக்கிறது.

வழக்கு நடந்த விதமும் படத்தில் வருகிறது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. யார் மேலும் வழக்குப் போடாமலே 1968-இல் விசாரணையை மூடியது. பில் பாக்ஸ்லி என்கிற வெள்ளைக்காரர் அலபாமாவின் தலைமை அரசு வழக்கறிஞராக வந்த பிறகு அதைத் திறந்தார். தன் தொலைபேசி அட்டையின் நாலு மூலையிலும் நாலு பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்துக்கொண்டாராம், ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் கண்ணில் பட. 1977 நவம்பரில், குண்டு வைத்த கிளான் ஆட்களில் ஒருவரான ராபர்ட் சாம்ப்லிஸுக்கு ஆயுள் தண்டனை. டெனிஸ் இருந்திருந்தால் அந்த மாதம் 26 வயது முடிந்திருக்கும். படம் அங்கே நின்றுவிடுகிறது. 1997-இல் எடுத்ததால் அதற்கு மேல் அதற்குத் தெரியாது. அடுத்த இருவர் தாமஸ் பிளான்டனும் பாபி ஃபிராங்க் செர்ரியும் தண்டனை பெற்றது 2001-லும் 2002-லும். நாலாவது ஆளான ஹெர்மன் கேஷ் வழக்கே இல்லாமல் 1994-இல் செத்துப்போனார். கேரலின் அம்மா ஆல்ஃபா ராபர்ட்சன் 2002 தீர்ப்பைப் பார்த்துவிட்டு அதே ஆண்டில் காலமானார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள். அந்த அம்மா நிதானமாகப் பேசுகிற ஒவ்வொரு வரியும் வேறுமாதிரிக் கேட்கும்.

குறைகளும் உண்டு. நடுவில் பேர்பெற்ற ஆட்கள் வந்து கருத்துச் சொல்கிறார்கள். நடிகர் பில் காஸ்பி, டிவி செய்தியாளர் வால்டர் கிராங்கைட் போன்றவர்கள். அந்த நாலு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த என்னை அவர்கள் எழுப்பி வெளியே கூட்டிவந்த மாதிரி இருந்தது. டெரன்ஸ் பிளான்சர்டின் இசை தனியாகக் கேட்டால் அருமை. ஒரு அம்மா பேசும்போது அடியில் ஓடவேண்டியதில்லை. மெக்நேர் வீட்டுக்கும் ராபர்ட்சன் வீட்டுக்கும் கிடைத்த நேரம் அடி மே காலின்ஸுக்கும் சிந்தியாவுக்கும் கிடைக்கவில்லை என்பது பெரிய மனக்குறை. காலின்ஸ் வீடு ஏழை வீடு. ஏழை வீட்டில் படம் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும். அதே ஞாயிற்றுக்கிழமை அதே ஊரில் வர்ஜில் வேர் என்ற 13 வயதுப் பையனையும் ஜானி ராபின்சன் என்ற 16 வயதுப் பையனையும் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுக்கும் இப்படி ஒரு ஆல்பம் யாராவது போடவேண்டும்.

பார்க்க நினைக்கிறவர்களுக்கு: இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். தெற்கத்தி உச்சரிப்பு வேகமாக ஓடும். முதல் காட்சியிலேயே ஜோன் பயெஸ் பாடுகிற பாட்டின் மேல் கல்லறைகள் வருகின்றன. அதைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள், பெயர்கள் அங்கேதான் முதலில் சொல்லப்படுகின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், காட்டவேண்டும். ஆனால் ஒருமுறை பெரியவர்கள் பார்த்துவிட்டு, அந்தச் சில நொடிகள் எங்கே வருகின்றன என்று தெரிந்துவைத்துக்கொண்டு காட்டுங்கள். கல்யாண வீடியோ எடுக்கிற என் தொழில்காரர்கள் அத்தனை பேரும் ஒட்டுக்கா உட்கார்ந்து பார்க்கவேண்டிய படம்.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் பின்னறையில் இருந்த அப்பாவின் நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினோம். 1980-களின் பதிவு நோட்டும் இருந்தது. அப்பா கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தேதி, நெகட்டிவ் எண், பேர், ஊர், எத்தனை காப்பி. சின்னக்காம்பாளையத்துக்காரர், மூலனூர்க்காரர், குண்டடத்துக்காரர் என்று பக்கம் பக்கமாக. அந்தப் பிள்ளையைத் தேடினேன். காலனியிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் பேர் எழுதவில்லை. 'காலனி, 2 காப்பி'. 'காலனி, 3 காப்பி'. அப்படி 41 வரி இருந்தது. நெகட்டிவ் 38 கிடைத்தது.

எடிட்டிங் பையன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பெரிதாகப் பிரிண்ட் போட்டான். அதை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனோம். எழுபது எண்பது வயது ஆத்தாக்கள் மூன்று பேர் வாசலில் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். 16 பேருக்குப் பேர் சொல்லிவிட்டார்கள். நோட்டில் அந்த வரிகளுக்கு நேராக, அப்பா எழுத்துக்குப் பக்கத்தில், பேனாவில் எழுதியிருக்கிறேன். தலையைப் பக்கவாட்டில் வகிடு எடுத்துச் சீவி, பல் தெரியச் சிரிக்காமல் நிற்கிற ஒரு பிள்ளையின் படம் இருக்கிறது. அவளாக இருக்கலாம். அந்தக் குடும்பம் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் முப்பது வருஷம் ஆச்சு, பேர் மறந்துபோச்சு என்கிறார்கள். தை பிறந்ததும் திருப்பூரில் விசாரிக்கப் போகிறேன்.